பன்றியின் குட்டி எண்ணிக்கையும் மரபணுக் குறிகளும்: ஒரு பரிசோதனை எவ்வளவு சொல்லும்?

2025 ஏப்ரல் இறுதியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மரபணுத் திருத்தம் செய்த பன்றி வகை ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. பி.ஐ.சி என்ற இனவிருத்தி நிறுவனம் உருவாக்கிய அந்தப் பன்றிகளில் சி.டி.163 என்ற மரபணுவின் சிறு பகுதி நீக்கப்பட்டிருக்கிறது. அதனால் பி.ஆர்.ஆர்.எஸ் வைரஸுக்கு உயிரணுவுக்குள் நுழைய வழி கிடைப்பதில்லை. சினைப்பன்றிகளில் கருச்சிதைவையும் செத்துப் பிறக்கும் குட்டிகளையும் உண்டாக்கும் நோய் அது. இந்தியாவில் 2013இல் மிசோரமில் அது வெடித்தது.

செய்தி பரவியதிலிருந்து ‘ஜீன் பன்றி’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் காரியங்கள் கலந்துவிட்டன. ஒன்று, டி.என்.ஏவை வெட்டித் திருத்துவது. மற்றது, பன்றியிடம் இயற்கையாக இருப்பதைப் பரிசோதித்துப் பார்த்து, அதன்படி தாய் தந்தையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாவது வழி முப்பது ஆண்டுப் பழசு. அதில் எந்த மரபணுவும் மாற்றப்படுவதில்லை. ‘அதிகக் குட்டி தரும் ஜீன் உள்ள ஆண் பன்றி’ என்று கூடுதல் விலை கேட்கப்பட்டால், அந்தப் பேச்சு இந்த இரண்டாவது வழியைச் சேர்ந்தது. அதில் எவ்வளவு உண்மை, எங்கே தடுமாறும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## முதலில் சில சொற்கள்

பன்றியின் உயிரணு ஒவ்வொன்றிலும் 38 குரோமோசோம்கள் உண்டு. 18 ஜோடி பொதுவானவை, ஒரு ஜோடி பாலைத் தீர்மானிப்பவை. ஒரு ஜோடியில் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. தாயோ தந்தையோ தந்த ஒரு தொகுதியில் டி.என்.ஏ எழுத்துகள் ஏறக்குறைய 250 கோடி.

இந்த நீண்ட எழுத்துவரிசையில் பல இடங்களில் பன்றிக்குப் பன்றி எழுத்து மாறும். அப்படி மாறும் இடம் ஒன்றைப் பரிசோதனைக்கூடத்தில் எளிதாகப் படிக்க முடிந்தால் அதுதான் மரபணுக் குறி, அதாவது மார்க்கர். அந்த இடத்தில் காணக்கூடிய மாற்று வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வருவதால் ஒரு பன்றி ‘ஏஏ’, ‘ஏபி’, ‘பிபி’ என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும்.

குறி இரண்டு வகைப்படும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்தப் பாகுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

1. காரணக் குறி: படிக்கப்படும் எழுத்தே விளைவை உண்டாக்குகிறது. எந்த நாட்டில், எந்த இனத்தில் பார்த்தாலும் பொருள் மாறாது.
2. அண்டைக் குறி: படிக்கப்படும் எழுத்துக்குத் தனியாக எந்த வேலையும் இல்லை. உண்மையான காரணம் குரோமோசோமில் பக்கத்தில் எங்கோ இருக்கிறது. இரண்டும் அருகருகே இருப்பதால் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன.

ஒரு ஊரில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒற்றைப் பனை நின்றால், பனையைப் பார்த்துக் கிணற்றுக்குப் போய்விடலாம். அடுத்த ஊரிலும் பனை இருக்கும். அதன் கீழே கிணறு இருக்க வேண்டும் என்பதில்லை. குட்டி எண்ணிக்கைக்கென்று பேசப்பட்ட குறிகளில் பெரும்பாலானவை இந்தப் பனை மரங்கள்.

## ஒரு ஈற்றில் எத்தனை குட்டி என்பது எங்கே முடிவாகிறது

‘குட்டி எண்ணிக்கை’ என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னாலும், அது ஐந்து படிகளைத் தாண்டி மிஞ்சும் எண்.

1. சினைமுட்டை: ஒரு பருவத்தில் 15 முதல் 25 வரை முட்டைகள் வெளிவரும். முதல் பருவத்தில் குறைவு, வயது ஏற ஏறக் கூடும்.
2. கருவுறுதல்: சரியான நேரத்தில் இணை சேர்த்தால் நூற்றுக்கு 95க்கு மேல் கருவுறும். நேரம் தவறினால் இந்தப் படியிலேயே பாதி போய்விடும்.
3. முதல் 30 நாள்: கருவுற்றவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இங்கே அழிகிறது. 12ஆம் நாள் வாக்கில் கருக்கள் ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து, ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று தாயின் உடலுக்குச் சொல்ல வேண்டும். அப்போது கருப்பையில் குறைந்தது நான்கு கருக்களாவது இல்லையென்றால் பொதுவாகச் சினை நிலைக்காது. பன்றி 21ஆம் நாளில் மறுபடி பருவத்துக்கு வரும்.
4. கருப்பை இடம்: நச்சுக்கொடிக்குப் போதிய இடமும் இரத்த ஓட்டமும் கிடைக்காத கரு நின்றுவிடும். 35 நாளுக்கு முன் இறந்தால் தடயமின்றி உறிஞ்சப்படும். எலும்பு இறுகிய பிறகு இறந்தால் உலர்ந்து கறுத்த மம்மியாக வெளியே வரும்.
5. ஈனும் நேரம்: 114 நாள் சினைக்காலம் முடிந்து ஈனும்போது மூச்சுத் திணறி இறப்பவை தனி.

ஒவ்வொரு படியையும் வெவ்வேறு மரபணுக்கள் ஆள்கின்றன. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பல தலைமுறைகளாக முட்டை எண்ணிக்கைக்காக மட்டும் பன்றிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டைகள் கூடின. குட்டிகள் அந்த அளவுக்குக் கூடவில்லை. முதல் படியில் சேர்த்ததை நான்காம் படி தின்றுவிட்டது.

சீனாவின் மெய்ஷான் இனத்தில் இதற்கு நேர்மாறு. மூன்று மாத வயதிலேயே பருவத்துக்கு வரும் இந்தப் பன்றி, ஐரோப்பிய இனங்களைவிட ஈற்றுக்கு மூன்று நான்கு குட்டி அதிகம் போடும். அதன் நச்சுக்கொடி சிறியது, ஆனால் இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுவது. அதே அளவு கருப்பையில் கூடுதல் கருக்கள் தாக்குப்பிடிக்கின்றன.

## பத்தில் ஒரு பங்கு

ஒரு மந்தையில் ஒரு பன்றி 7 குட்டி போடுகிறது, இன்னொன்று 13 போடுகிறது. இந்த வேறுபாட்டில் பெற்றோரிடமிருந்து குட்டிகளுக்குக் கடத்தப்படக்கூடிய மரபுப் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்வது பாரம்பரியத் திறன். முதுகுக் கொழுப்பின் தடிப்புக்கு அது 0.4 முதல் 0.5. ஈற்றின் குட்டி எண்ணிக்கைக்குச் சுமார் 0.1. மிச்சம் ஒன்பது பங்கில் தீவனம், வெப்பம், நோய், இணை சேர்த்த நேரம், எத்தனையாவது ஈற்று என்பவை எல்லாம் அடங்கும்.

இதனால்தான் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இந்தப் பண்பில் இவ்வளவு கடினம். தாய்ப்பன்றியின் ஒரே ஈற்றை வைத்து அதன் மரபுத் தரத்தைக் கணித்தால் துல்லியம் 0.32தான் (1 என்றால் முழுத் துல்லியம்). நான்கு ஈற்றின் சராசரியை எடுத்தால் சுமார் 0.5க்கு ஏறும். ஆனால் நான்காவது ஈற்று முடியும்போது பன்றிக்கு இரண்டேகால் வயது. அதன் மகள்களில் பல அதற்குள் விற்றிருக்கும். ஆண் பன்றியின் நிலைமை இன்னும் மோசம். அது குட்டி போடுவதே இல்லை. தாயின் பதிவையும் சகோதரிகளின் பதிவையும் வைத்துத்தான் அதை எடைபோட முடியும்.

பிறந்த அன்றே ஒரு சொட்டு இரத்தத்தில் விடை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை இந்த இடத்தில்தான் பிறந்தது. ஆசை நியாயமானது.

## ஈ.எஸ்.ஆர்: முதல் பெரிய நம்பிக்கை

1989இல் மெய்ஷான் உள்ளிட்ட சீன இனங்கள் அமெரிக்காவுக்கு வந்தன. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ராத்ஸ்சைல்டும் அவருடன் இருந்தவர்களும், குட்டி எண்ணிக்கையோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடினார்கள். மரபணுத்தொகுதி முழுவதையும் அலச அன்று வசதியில்லை. ஆகவே காரணமாக இருக்க வாய்ப்புள்ள மரபணுவை முன்கூட்டியே ஊகித்து அதை மட்டும் சோதித்தார்கள். ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு, சுருக்கமாக ஈ.எஸ்.ஆர், முதல் குரோமோசோமில் இருக்கிறது. கருவும் தாயும் ஈஸ்ட்ரோஜன் வழியாகத்தான் பேசிக்கொள்கின்றன என்பதால் ஊகம் பொருத்தமாக இருந்தது.

1996இல் வெளியான முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மெய்ஷான் இரத்தம் கலந்த வம்சங்களில் ‘பிபி’ பன்றிகள் ‘ஏஏ’ பன்றிகளைவிட முதல் ஈற்றில் 2.3 குட்டி அதிகம் போட்டன. எல்லா ஈற்றுகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 1.5 அதிகம். அடுத்த ஆண்டு, பி.ஐ.சியின் லார்ஜ் ஒயிட் வம்சங்களில் 4,262 தாய்ப்பன்றிகளின் 9,015 ஈற்றுப் பதிவுகளைக் கொண்டு செய்த ஆய்வு நிதானமான எண்ணைத் தந்தது: ஒரு ‘பி’ படிக்கு (அதாவது ‘பி’ வடிவத்தின் ஒரு பிரதிக்கு) முதல் ஈற்றில் சுமார் 0.4 குட்டி, பிந்திய ஈற்றுகளில் சுமார் 0.3. தமிழ்நாட்டில் வெண்பன்றி என்று பெரும்பாலும் வளர்க்கப்படுவது லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்பதால், நம் வாசகர்களுக்கு இந்த இரண்டாவது எண்தான் நெருக்கமானது.

### பரிசோதனை எப்படி நடக்கிறது

இரத்தத்திலிருந்தோ முடி வேரிலிருந்தோ டி.என்.ஏ பிரிக்கப்படுகிறது. பி.சி.ஆர் முறையில், ஈ.எஸ்.ஆர் மரபணுவின் 120 எழுத்து நீளத் துண்டு கோடிக்கணக்கில் பெருக்கப்படுகிறது. பிறகு ‘பிவியு-2’ என்ற வெட்டும் நொதியைச் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். ‘பி’ வடிவத்தில் நொதி அடையாளம் காணும் ஆறெழுத்துத் தொடர் இருப்பதால் துண்டு 65, 55 என்று இரண்டாக வெட்டுப்படும். ‘ஏ’ வடிவம் 120ஆகவே நிற்கும். ஜெல்லில் ஓடவிட்டால் கோடுகளாகத் தெரியும்.

தவறு நேரும் இடமும் இதுவே. நொதி வீரியம் இழந்திருந்தாலோ, நேரம் போதாவிட்டாலோ ‘பிபி’ பன்றி ‘ஏபி’யாகத் தெரியும், நொதி வேலையே செய்யாவிட்டால் எல்லாப் பன்றிகளும் ‘ஏஏ’. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஏற்கெனவே விடை தெரிந்த மாதிரி ஒன்றைச் சேர்த்து ஓட்ட வேண்டும். 65, 55 கோடுகள் மிக நெருக்கமானவை என்பதால் 3 முதல் 4 சதவீத அடர்த்தியான அகரோஸ் ஜெல் வேண்டும். இரத்தத்தை ஹெபாரின் குழாயில் எடுத்தால் அது பி.சி.ஆரையே தடுத்துவிடும், ஈ.டி.டி.ஏ குழாய்தான் சரி.

### அந்த 0.4ஐப் பண்ணைக் கணக்கில் வைத்துப் பார்த்தால்

‘பிபி’ ஆண் பன்றியை வாங்கிய உடன் அடுத்த ஈற்றில் குட்டி கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது நடக்காது. இங்கே அளக்கப்பட்டது தாயின் பண்பு. அந்த ஆண் பன்றியின் மகள்கள் ஆளுக்கு ஒரு ‘பி’ படியை வாங்கிக்கொண்டு, வளர்ந்து, அவை ஈனும்போதுதான் விளைவு தெரியும். இணை சேர்த்து 114 நாள், மகள் இணை சேரும் வயது வரை 8 மாதம், மறுபடி 114 நாள். ஆகப் பதினைந்து மாதத்துக்கு மேல்.

சினை 114 நாள், பால் குடி 28 நாள், பால் மறந்து மறுபடி பருவத்துக்கு வர ஒரு வாரம். மொத்தம் 149 நாள், ஆண்டுக்கு 2.45 ஈற்று. ஒரு ‘பி’ படியின் ஆதாயம் ஈற்றுக்கு 0.3 என்றால் ஆண்டுக்கு 0.74 குட்டி. ஒரே ஒரு முறை பருவத்தைக் கவனிக்காமல் விட்டால் 21 நாள் போகும். ஈற்றுக்கு 10 குட்டி என்ற கணக்கில் அதன் நட்டம் 1.4 குட்டி. அந்த மரபணு ஏறக்குறைய இரண்டு ஆண்டு சம்பாதித்துக் கொடுப்பதை ஒரு காலை நேரக் கவனக்குறைவு எடுத்துக்கொண்டு போய்விடும்.

பல்லாயிரம் தாய்ப்பன்றிகளுக்கு ஆண் பன்றிகளை வழங்கும் நிறுவனத்துக்கு அதே 0.3 பெரும் பணம். 1990களில் பி.ஐ.சி இந்தக் குறியைத் தன் தேர்வில் சேர்த்துக்கொண்டதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

## மற்ற மந்தைகளில் ஏன் பொய்த்தது

1996க்குப் பின் ஈ.எஸ்.ஆரைப் பல நாடுகளில் சோதித்தார்கள். சில மந்தைகளில் ‘பி’ நன்மை செய்தது. சிலவற்றில் வேறுபாடே இல்லை. இன்னும் சிலவற்றில் ‘ஏ’ மேலாக இருந்தது. புரோலாக்டின் ஏற்பி, ரெட்டினால் கடத்தும் புரதம் போன்ற வேறு மரபணுக்களின் குறிகளுக்கும் இதே கதி நேர்ந்தது. காரணங்கள்:

1. அது அண்டைக் குறி. ‘பிவியு-2’ வெட்டும் இடம் புரதத்தின் அமைப்பை மாற்றும் பகுதியில் இல்லை. காரண எழுத்து பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அயோவாவில் ‘பி’யோடு ஒட்டி வந்த நல்ல வடிவம், வேறொரு மந்தையில் பல தலைமுறைக் குரோமோசோம் குறுக்கேற்றத்தில் (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதில்) ‘ஏ’யோடு போய்ச் சேர்ந்திருக்கலாம்.

2. எல்லா இனத்திலும் ‘பி’ கிடையாது. டியூராக், ஹாம்ப்‌ஷயர் போன்ற இனங்களில் அது பொதுவாகக் காணப்படுவதில்லை. எல்லாப் பன்றியும் ‘ஏஏ’ என்றால் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. லார்ஜ் ஒயிட்டின் பின்னணி வேறு: இங்கிலாந்தில் இந்த இனம் உருவான காலத்தில் ஆசியப் பன்றிகளோடு கலப்பு நடந்தது. 2014இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு, லார்ஜ் ஒயிட்டில் ஏ.எச்.ஆர் என்ற மரபணுவின் ஆசிய வடிவம் கூடுதல் குட்டி எண்ணிக்கையோடு தொடர்புடையது என்று காட்டியது.

3. சிறிய ஆய்வுகள். ஈற்றுக்கு ஈற்று குட்டி எண்ணிக்கை சராசரியிலிருந்து 2.8 அளவுக்கு மேலும் கீழும் விலகுவது இயல்பு. குழுவுக்கு 20 பன்றி வைத்து இரண்டு குழுவை ஒப்பிட்டால், தற்செயலால் மட்டுமே 1.8 குட்டி வரை வேறுபாடு வந்துபோகும். 0.4 குட்டி வேறுபாட்டைப் போதிய நம்பிக்கையோடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு ஏறத்தாழ 770 ஈற்றுகள் வேண்டும். நாற்பது பன்றி வைத்துச் செய்த ஆய்வு ‘ஒரு குட்டி அதிகம்’ என்று சொன்னால் அதை நம்புவதற்கில்லை.

4. ஈற்று எண்ணைக் கணக்கில் எடுக்காதது. முதல் ஈற்றில் குறைவாகவும், மூன்று முதல் ஐந்தாம் ஈற்றில் அதிகமாகவும் போடுவது பன்றியின் இயல்பு. ஒரு குழுவில் முதல் ஈற்றுப் பன்றிகள் அதிகமாக இருந்தால் பழி மரபணுமேல் விழும்.

அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவன மந்தையில் கிடைத்த 0.4ஐ நம் ஊர் வெண்பன்றிகளுக்கு அப்படியே ஏற்ற முடியாது என்பதற்கு முதல் காரணம் ஒன்றே போதும்.

செம்மறி ஆட்டில் நிலைமை வேறு. பூரூலா என்று ஆஸ்திரேலியாவில் பெயர் பெற்ற எஃப்.இ.சி.பி என்ற ஒற்றை மரபணு மாற்றம், ஒரு குட்டி போடும் ஆட்டை இரண்டு போட வைக்கிறது. அதன் வேர் வங்காளத்தின் காரோல் ஆடுகளில் இருக்கிறது. மகாராஷ்டிராவின் பல்டனில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தக்காணி ஆடுகளுக்குக் கொண்டுவந்தது. அது காரணக் குறி. ஒன்று இரண்டு முட்டை விடும் விலங்கில் முட்டையைக் கூட்டும் ஒரு மாற்றம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். ஏற்கெனவே இருபது முட்டை விட்டு, அடுத்தடுத்த நான்கு படிகளில் இழக்கும் பன்றியில் அப்படி ஒரு தனி மரபணு இதுவரை அகப்படவில்லை.

## உறுதியாக நம்பக்கூடிய குறிகள்

நல்லதைக் கூட்டும் குறிகளைவிட, கெட்டதைக் கழிக்கும் குறிகள் பன்றி வளர்ப்புக்கு அதிகம் உழைத்திருக்கின்றன. என் கணிப்பில் சிறு பண்ணையாளர் பணம் செலவழிக்கத் தகுந்தவை இவைதான்.

ஹாலோதேன் மரபணு. ஆறாவது குரோமோசோமில், தசையில் கால்சியத்தைத் திறந்துவிடும் புரதத்தில் ஓர் எழுத்து மாற்றம். 615ஆம் இடத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் சிஸ்டீன். இரண்டு படியும் குறைபாடாக உள்ள பன்றி, ஏற்றி இறக்கும்போதும் வெயிலிலும் உடல் விறைத்து, சூடேறிச் சாகும். பிழைத்தாலும் இறைச்சி வெளிறித் தண்ணீர் விடும். 1991க்கு முன் ஹாலோதேன் மயக்க வாயுவை முகரவைத்துத்தான் சோதித்தார்கள். விறைத்தவை மட்டும் பிடிபட்டன. ஒரு படியைச் சுமப்பவை தப்பிவிட்டன. காரண எழுத்து கண்டுபிடிக்கப்பட்டதும் சுமப்பவற்றையும் அடையாளம் காண முடிந்தது. பியெட்ரெயின் இனத்திலும் சில லேண்ட்ரேஸ் வம்சங்களிலும் இது அதிகம் இருந்தது. சதைப்பற்று கூடும் என்பதால் தெரியாமலே இதைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தார்கள்.

சுமப்பவற்றுக்கு நன்மை செய்யும் கொல்லி. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வணிக லார்ஜ் ஒயிட் வம்சம் ஒன்றில் 18ஆம் குரோமோசோமில் சுமார் 2,12,000 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டது. பத்தில் ஒரு பன்றிக்கு மேல் அதைச் சுமந்தது. சுமக்கும் பன்றி சற்று வேகமாக வளரும். அதனால் எடை பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அதையே விரும்பி எடுத்தார்கள். சுமப்பவை இரண்டு இணை சேர்ந்தால் கருக்களில் கால் பங்கு வயிற்றிலேயே இறந்து மம்மியாகின்றன. வளர்ச்சியையும் குட்டி எண்ணிக்கையையும் தனித்தனியாகப் பார்த்த வரைக்கும் இது கண்ணில் படவே இல்லை.

குரோமோசோம் இடமாற்றம். இதற்குக் குறிப் பரிசோதனை போதாது, குரோமோசோம்களின் வடிவத்தையே நுண்ணோக்கியில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்ட ஆண் பன்றி, பார்ப்பதற்கு முழு ஆரோக்கியமாக இருக்கும். விந்தும் சோதனையில் தேறிவிடும். ஆனால் அதன் கருக்களில் பாதி வரை தொடக்கத்திலேயே அழியும். குட்டி எண்ணிக்கை கால் பங்கு முதல் பாதி வரை குறையும். பிரான்ஸில் துலூஸ் கால்நடைப் பள்ளியில் இளம் ஆண் பன்றிகளின் குரோமோசோம்களைத் தொடர்ந்து சோதித்ததில், ஏறக்குறைய 200க்கு ஒன்று இப்படிப்பட்டது என்று தெரிந்தது. ‘நல்ல ஜீன்’ தேடுவதைவிட இந்த ஒன்றைக் கழிப்பது பல மடங்கு ஆதாயம்.

## ஆயிரக்கணக்கில் குறிகள்

ஒற்றைக் குறிகளின் தடுமாற்றத்துக்கு விடையாக 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் மூவரும் ஒரு வழியை முன்வைத்தார்கள். எந்த மரபணு காரணம் என்று தேடவே வேண்டாம். மரபணுத்தொகுதி முழுக்க நெருக்கமாகக் குறிகளைப் படித்து, எல்லாவற்றின் சிறு விளைவுகளையும் ஒன்றாகக் கூட்டலாம். 2009இல் பன்றிக்கென 60,000க்கு மேற்பட்ட குறிகளை ஒரே தடவையில் படிக்கும் சிப் வந்தது. 2012இல் ஒரு டியூராக் பெண் பன்றியின் முழு மரபணுத்தொகுதி வெளியானது.

வேலை நடக்கும் முறை:

1. ஈற்றுப் பதிவு துல்லியமாக உள்ள ஆயிரக்கணக்கான பன்றிகளைச் சிப்பில் படிப்பது. இது மூலக் குழு.
2. ஒவ்வொரு குறிக்கும் குட்டி எண்ணிக்கையோடு எவ்வளவு தொடர்பு என்று கணினியில் மதிப்பிடுவது. பெரும்பாலானவற்றுக்கு ஒரு குட்டியின் நூறில் சில பங்குதான் வரும்.
3. புதிதாகப் பிறந்த குட்டியைப் படித்து, அந்த மதிப்புகளைக் கூட்டி ஒரே எண்ணாகத் தருவது.

உடன்பிறந்த இரண்டு ஆண் பன்றிகளுக்குப் பெற்றோர் பதிவை வைத்துப் பார்த்தால் மதிப்பு ஒன்றேதான். ஆனால் தாயின் இரண்டு பாதிகளில் எது எதற்குப் போனது என்பது வேறுபடும். சிப் அதைப் பிரித்துக் காட்டுகிறது. தானே ஈனாத ஆண் பன்றிக்கு இந்த முறை கை கொடுத்ததன் காரணம் அதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. மூலக் குழுவிலிருந்து உறவில் விலக விலகக் கணிப்பு மங்கும். டென்மார்க் லேண்ட்ரேஸில் கற்றுக்கொண்ட எண்களை அஸ்ஸாமின் உள்ளூர்ப் பன்றிக்குப் போட்டால் வருவது வெறும் எண். அதே இனத்திலும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப் பதிவுகளைச் சேர்த்துத் திரும்பக் கணக்கிட வேண்டும். பதிவேடு இல்லாத இடத்தில் சிப்புக்குக் கற்றுக்கொள்ள எதுவும் கிடையாது.

## எந்த எண்ணைக் கூட்டுவது

டென்மார்க்கில் மொத்தப் பிறப்பு எண்ணிக்கையைத் தேர்வின் இலக்காக வைத்தார்கள். எண்ணிக்கை ஏறியது, குட்டி இறப்பும் ஏறியது. 2004இல் இலக்கை மாற்றி, ஐந்தாம் நாளில் உயிரோடிருக்கும் குட்டிகளை எண்ணத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஈற்றுக்கு உயிருடன் பிறப்பவை சராசரியாக 17க்கு மேல். தாய்க்கு இருக்கும் காம்புகள் 14 முதல் 16. மிஞ்சும் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாய் தேட வேண்டும். பிறப்பு எடை குறைந்த குட்டிக்குச் சீம்பால் போட்டியில் இடம் கிடைக்காது. விலங்குநல அமைப்புகளின் கண்டனம் இதனால்தான் எழுகிறது, அது நியாயமானது.

காம்பு எண்ணிக்கையின் பாரம்பரியத் திறன் குட்டி எண்ணிக்கையுடையதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பிறந்த அன்றே, ஆண் குட்டியிலும் எண்ணிவிடலாம். ஏழாவது குரோமோசோமின் வி.ஆர்.டி.என் மரபணு முதுகெலும்புகளின் எண்ணிக்கையோடு காம்பு எண்ணிக்கையையும் பாதிக்கிறது. ஆனால் காம்பை எண்ணப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை. குட்டியைத் திருப்பிப் பிடித்து எண்ணினால் போதும்.

## பத்து, இருபது பன்றி வைத்திருப்பவர் செய்யக்கூடியவை

விற்பவரிடம் கேட்க வேண்டியவை. எந்த மரபணு, எந்த வடிவம் என்று எழுத்தில் இருக்கிறதா? அந்தக் குறி சோதிக்கப்பட்டது எந்த இனத்தில், எத்தனை ஈற்றுப் பதிவில்? ஹாலோதேன் முடிவு என்ன? தாயின், தாயோடு பிறந்தவற்றின் ஈற்றுப் பதிவுகள் எங்கே? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் கேள்விக்கான பதிலுக்குக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மாதிரி எடுப்பது. முடி என்றால் 20 முதல் 30 இழைகளை வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டிய முடியில் வேண்டிய டி.என்.ஏ இருக்காது. காகித உறையில் உலர வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு பன்றிக்கும் அடுத்ததற்கும் இடையில் இடுக்கியைத் துடைத்துச் சுத்தம் செய்யாவிட்டால் இரண்டின் டி.என்.ஏவும் கலந்து, ‘ஏஏ’வும் ‘பிபி’யும் சேர்ந்து ‘ஏபி’யாகத் தெரியும். காது எண்ணை உறையில் முதலில் எழுதிவிட்டுப் பிறகு பிடுங்குங்கள்.

நெருங்கிய உறவுச் சேர்க்கை. ஒரே ஆண் பன்றியை வைத்துக்கொண்டு அதன் மகள்களையே அதற்குச் சேர்த்தால், பிறக்கும் குட்டிகளின் உறவுக்கலப்பு 25 சதவீதம். மறைந்திருக்கும் கொல்லி வடிவங்கள் இரட்டையாகச் சேர இதைவிடச் சுலபமான வழி இல்லை. மகள்கள் பருவத்துக்கு வருமுன் ஆண் பன்றியை மாற்றிவிட வேண்டும்.

நேரம். பருவம் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். முட்டைகள் அதன் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வெளிவரும். முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கத் தொடங்கியதைக் காலை, மாலை இரு வேளையும் பார்த்துக் குறித்துவைத்து, 12 முதல் 24 மணி இடைவெளியில் இரண்டு முறை சேர்க்க வேண்டும். ஆண் பன்றி கடும் வெயிலில் வாடினால் விந்தின் தரம் அடுத்த ஐந்தாறு வாரம் குறைந்திருக்கும். மே மாதக் கொட்டகைச் சூட்டின் விளைவு ஜூனில்கூடச் சினை பிடிக்காமையாகத் தெரியும்.

பதிவேடு. ஈற்றுக்கு ஒரு வரி போதும்: தாய் எண், எத்தனையாவது ஈற்று, ஆண் பன்றி எண், சேர்த்த தேதி, மொத்தம் பிறந்தவை, உயிருடன், செத்து, மம்மி, ஐந்தாம் நாள் எண்ணிக்கை, பால் மறந்த எண்ணிக்கை. இதைத் தாய்வாரியாகவும் ஆண்வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். ஒரு தாய்க்கு மட்டும் தொடர்ந்து குறைவாக வந்தால் காரணத்தை அந்தத் தாயிடம் தேட வேண்டும். இளம் தாய்ப்பன்றிகள் பலவற்றில் ஒரே பருவத்தில் மம்மிகள் பெருகினால் பார்வோ வைரஸ் தடுப்பூசி விடுபட்டதா என்று முதலில் பாருங்கள். ஓர் ஆண் பன்றியோடு சேர்ந்த எல்லாத் தாய்களுக்கும் ஆறேழு குட்டிதான், அதே தாய்கள் வேறு ஆணோடு சேர்ந்தபோது பத்து பதினொன்று என்று வரி வரியாகத் தெரிந்தால், அந்த ஆணின் குரோமோசோம் சந்தேகத்துக்குரியது. பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அதைச் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிடலாம். அதன் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் இனவிருத்திக்கு வைக்கக்கூடாது, ஏனென்றால் பிழைத்துப் பிறந்தவற்றில் ஏறக்குறைய பாதி அதே இடமாற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கும்.